பூங்காவுக்குள் ஓர் ஊர் இருந்தது!



விடுமுறை நாளில் பூங்காவுக்குப் போவது என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசை, இல்லையா? ஊஞ்சல், சறுக்குமரம், சுண்டல், ஐஸ்கிரீம் என்று பொழுது போவதே தெரியாது. "வீட்டுக்குப் போகலாம், வா" என்று அம்மா கூப்பிடும்போதுதான் முகம் வாடிவிடும்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவள். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, தலையை எண்ணி எண்ணி எத்தனையோ இடங்களுக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறேன். இந்த வாரம் உங்களையும் ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போகப் போகிறேன். பஸ் கட்டணம் கிடையாது. ஆனால், கொஞ்சம் நடக்க வேண்டும். தயாரா?

நாம் போகப்போவது அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் இருக்கும் 'சென்ட்ரல் பார்க்' என்ற பூங்காவுக்கு. என் மகள் குடும்பம் நியூயார்க்குக்குப் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் மாதம், நான் அங்கே போயிருந்தேன். என் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை காலையில் மகள், பேத்தி, நான் என மூன்று பேரும் கிளம்பினோம். டப்பாவில் புளியோதரை, பாட்டிலில் தண்ணீர், கைப்பையில் என் மூக்குக்கண்ணாடி. அவ்வளவுதான் எங்கள் மூட்டை.

கணக்கு நோட்டில் ஒரு பச்சைக் கட்டம்

ரயிலில் போய் இறங்கி, பிறகு பூமிக்கு அடியில் ஓடும் சுரங்க ரயிலில் ஏறி, படிக்கட்டு வழியாக மேலே வந்தோம். அப்பப்பா! எத்தனை சத்தம்! மஞ்சள் டாக்சிகள், ஆம்புலன்ஸ் ஒலி, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்கள். என் கையைப் பேத்தி இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். அவள் தொலைந்துவிடக் கூடாது என்று அல்ல, நான் தொலைந்துவிடக் கூடாது என்று!

சாலையைக் கடந்து ஐந்து நிமிடம் நடந்திருப்போம். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. சுற்றிலும் மரங்கள். அக்டோபர் மாதம் அங்கே இலையுதிர் காலம். இலைகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறி, காற்றில் உதிர்ந்து கொண்டிருந்தன. ஒரு நகரத்துக்குள் இன்னோர் உலகம்!

இந்தப் பூங்கா எவ்வளவு பெரியது தெரியுமா? 843 ஏக்கர். நீளம் 4 கிலோமீட்டர், அகலம் 800 மீட்டர். சென்னையில் இருக்கும் கிண்டி தேசியப் பூங்காவைவிடவும் கொஞ்சம் பெரியது. உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு 4 கோடிக்கும் அதிகமானோர் வந்து போகிறார்கள்.

நியூயார்க்கின் முக்கியமான பகுதி மன்ஹாட்டன் என்ற தீவு. அதன் வரைபடத்தைப் பார்த்தால் உங்கள் கணக்கு நோட்டு ஞாபகம் வரும். குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டுத் தெருக்கள். தெருக்களுக்குப் பெயரும் பெரும்பாலும் எண்கள்தான். 59-வது தெரு, 60-வது தெரு, 61-வது தெரு என்று போகும். 1811-ஆம் ஆண்டிலேயே இப்படித் தெருக்களைத் திட்டமிட்டு வரைந்துவிட்டார்கள். அந்தக் கட்டங்களுக்கு நடுவே, 59-வது தெருவிலிருந்து 110-வது தெரு வரை, பச்சைப் பென்சிலால் தீட்டியதுபோல ஒரு நீண்ட செவ்வகம். அதுதான் சென்ட்ரல் பார்க்.

கல்லறைக்குச் சுற்றுலா!

1811-இல் போட்ட திட்டத்தில் இவ்வளவு பெரிய பூங்கா கிடையாது. அப்போது ஊர் சிறியது. மக்கள் தீவின் தென்முனையில்தான் நெருக்கமாக வாழ்ந்தார்கள். பிறகு கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். வீடுகள் பெருகின. காலாற நடக்க இடம் இல்லை. அந்தக் காலத்தில் நியூயார்க்காரர்கள் காற்று வாங்க எங்கே போனார்கள் தெரியுமா? கல்லறைத் தோட்டத்துக்கு! அங்கேதான் மரமும் புல்வெளியும் இருந்தன.

1844-இல் வில்லியம் கல்லன் பிரையன்ட் என்ற கவிஞர், தான் ஆசிரியராக இருந்த நாளிதழில், "நகரத்துக்கு ஒரு பெரிய பொதுப் பூங்கா வேண்டும், தாமதித்தால் இடமே இருக்காது" என்ற பொருளில் எழுதினார். பலரும் அதையே பேசத் தொடங்கினார்கள். 1853-இல் பூங்காவுக்கு நிலம் எடுக்கச் சட்டம் வந்தது.

பூங்காவை எப்படி அமைப்பது என்று 1857-இல் ஒரு போட்டி அறிவித்தார்கள். 33 திட்டங்கள் வந்தன. 1858-இல் வென்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட். பூங்கா வேலைகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளராக இருந்தவர். இன்னொருவர் கால்வர்ட் வாக்ஸ். இங்கிலாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர். பணக்காரரும் ஏழையும் ஒரே புல்வெளியில், ஒரே மரத்தின் நிழலில் இருக்க வேண்டும் என்பது ஓம்ஸ்டெட்டின் ஆசை.

ஏரியும் செய்ததுதான்!

நாங்கள் முதலில் ஒரு பெரிய பாறையில் ஏறினோம். பெயர் 'அம்பயர் ராக்'. பேத்தி குரங்குக்குட்டிபோல மேலே போய்விட்டாள். நான் புடவையைச் செருகிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி வரை ஏறினேன்.

பாறையில் நீளநீளமாகக் கோடுகள், யாரோ பெரிய சீப்பால் வாரியது போல! "இது யார் போட்ட கோடு ஆச்சி?" என்றாள் பேத்தி. பனியாறு போட்ட கோடு, குழந்தைகளே! ஏறத்தாழ 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின்போது, இந்த இடம் முழுவதும் மிகத் தடிமனான பனிக்கட்டி மூடியிருந்தது. அது மெதுவாக நகர்ந்தபோது, அடியில் சிக்கிய கற்கள் பாறையைக் கீறிக்கொண்டே போயின. பாறையோ அதைவிடப் பழையது. சுமார் 45 கோடி ஆண்டு வயது!

இந்தப் பாறையை மனிதர்கள் செய்யவில்லை. ஆனால், பூங்காவில் நீங்கள் பார்க்கும் மற்றவை பெரும்பாலும் மனிதர்கள் செய்தவை. ஏரி அழகாக இருக்கிறதே, அது முன்பு சேறும் சதுப்புமாக இருந்த இடம். தோண்டி, நீர் நிரப்பி ஏரி ஆக்கினார்கள். பூங்காவில் இருக்கும் எல்லா ஏரிகளும் குளங்களும் இப்படிச் செய்தவைதான். மேடுகளை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். இங்கே இருந்த மண் மரம் வளர்க்கப் போதாது என்று, நல்ல மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டினார்கள். 2 லட்சத்து 70 ஆயிரம் மரங்களும் செடிகளும் நட்டார்கள். அப்போது பொக்லைன் கிடையாது, லாரி கிடையாது. மண்வெட்டி, கடப்பாரை, குதிரை வண்டி. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் வியர்வை அது.

1858-ஆம் ஆண்டு குளிர்காலத்தில், உறைந்த ஏரியின் மேல் மக்கள் சறுக்கி விளையாட வந்தார்கள். பூங்கா முழுவதும் முடிந்தது 1876-இல்.

இன்னொரு கெட்டிக்காரத்தனம் சொல்கிறேன். பூங்கா 4 கிலோமீட்டர் நீளம் அல்லவா? கிழக்கே இருப்பவர்கள் மேற்கே போகப் பூங்காவைச் சுற்றிக்கொண்டா போவார்கள்? குறுக்கே நான்கு சாலைகள் தேவைப்பட்டன. அந்தச் சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே, பள்ளமாக வெட்டி அமைத்தார்கள். வண்டிகள் கீழே ஓடும். நாம் மேலே பாலத்தில் நடப்போம். கார்கள் வருவதற்கு முன்பே, குதிரை வண்டிக் காலத்திலேயே இப்படி யோசித்திருக்கிறார்கள்! பூங்காவுக்குள் சுற்றிவரும் மற்றச் சாலைகளில் 2018 முதல் கார்களுக்கு அனுமதி இல்லை.

நாங்கள் அப்படி ஒரு பாலத்தைக் கடந்தபோது, காலுக்குக் கீழே கார் போவது எனக்குத் தெரியவே இல்லை. பேத்தி கைப்பிடிச் சுவர் வழியாகக் காட்டிய பிறகுதான் பார்த்தேன்.

கோடு இல்லாத அணில்

ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் டப்பா, காகிதம் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டோம். அப்போது ஒரு விருந்தாளி வந்தது. அணில்! நம் ஊர் அணிலைப்போல இரண்டு மடங்கு இருந்தது. சாம்பல் நிறம். முதுகில் மூன்று கோடு இல்லை!

2018 அக்டோபரில் இந்தப் பூங்காவின் அணில்களைக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கணக்கான தொண்டர்கள் ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு எண்ணினார்கள். கிடைத்த விடை 2,373 அணில்கள். நம் வீட்டுக்கு ஆள் வந்து மக்கள்தொகைக் கணக்கு எடுப்பதுபோல, அணிலுக்கும் கணக்கு!

பூங்காவில் வழி தவறினாலும் பயமில்லை. விளக்குக் கம்பங்களில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பக்கத்தில் உள்ள தெருவின் எண். கடைசி எண் இரட்டைப்படை என்றால் பூங்காவின் கிழக்குப் பகுதி. ஒற்றைப்படை என்றால் மேற்குப் பகுதி. கம்பத்தில் 67 என்று ஆரம்பித்து, கடைசியில் 4 இருந்தால் என்ன பொருள்? சரியாகச் சொன்னீர்கள்! 67-வது தெருவுக்கு அருகில், கிழக்குப் பக்கம்.

யாருக்குச் சிலை?

அந்த 67-வது தெருப் பக்கம்தான் ஒரு நாயின் வெண்கலச் சிலை இருக்கிறது. குழந்தைகள் ஏறி ஏறி அதன் முதுகு பளபளவென்று மின்னுகிறது. நாயின் பெயர் பால்ட்டோ.

1925-இல் அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் நோய். (உங்களுக்கெல்லாம் கைக்குழந்தையாக இருந்தபோதே இதற்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள்.) மருந்து வெகு தொலைவில் இருந்தது. எங்கும் உறைபனி. கப்பல் போக முடியாது. விமானமும் உதவவில்லை. நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிகளில், தொடர் ஓட்டம்போல, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மருந்தை மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். 20 வண்டியோட்டிகள், சுமார் 150 நாய்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ஐந்தரை நாளில் கடந்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஓடி ஊருக்குள் மருந்தைக் கொண்டு சேர்த்த வண்டியை முன்னால் நின்று இழுத்த நாய் பால்ட்டோ. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கு இங்கே சிலை வைத்தார்கள்.

"அப்போ மத்த நாய்களுக்கு?" என்று கேட்டாள் பேத்தி.

நல்ல கேள்வி! அந்தத் தொடர் ஓட்டத்தில் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடியது டோகோ என்ற நாயின் குழு. ஆனால், ஊருக்குள் நுழைந்த நாயைத்தான் உலகம் பார்த்தது. டோகோவின் பெயர் பலகாலம் கழித்துத்தான் பலருக்கும் தெரிந்தது.

கொஞ்சம் தள்ளி, உயரமான எல்ம் மரங்கள் இருபுறமும் நிற்கும் அகலமான நடைபாதை. அங்கே மூன்று பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி இருப்பதுபோல ஒரு சிலை. சோஜர்னர் ட்ரூத், சூசன் பி. ஆன்டனி, எலிசபெத் கேடி ஸ்டான்டன். பெண்களின் உரிமைக்காகப் பாடுபட்டவர்கள். இவர்களில் சோஜர்னர் ட்ரூத் அடிமையாகப் பிறந்தவர். இந்தச் சிலையைத் திறந்தது 2020-இல். அதற்கு முன்பு கதையில் வரும் ஆலிஸ் போன்ற பெண்களின் சிலைகள் பூங்காவில் இருந்தன. உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்குச் சிலை இல்லை. பூங்கா தொடங்கி 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும்!

இந்தச் சிலைக்கு முன்னால் நின்றபோது, நம் கண்ணில் படுகிறவர்கள் மட்டும்தான் வேலை செய்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்று பேத்தியிடம் சொன்னேன். அடுத்த இடத்துக்குப் போனபோது அது எனக்கே பாடமாகிவிட்டது.

புல்லுக்கு அடியில்...

ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு, பூங்காவின் மேற்கு ஓரமாக வடக்கே நடந்தோம். 82-வது தெருவை நெருங்கியிருந்தோம். அங்கே சிறப்பாக ஒன்றும் இல்லை. மேடும் பள்ளமுமாகப் புல்தரை, மரங்கள், பாறைகள். குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தகவல் பலகை மட்டும் இருந்தது. மகள் படித்துச் சொல்லச் சொல்ல, நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த இடத்தில் ஓர் ஊர் இருந்திருக்கிறது. பெயர் செனிகா கிராமம்.

1825-ஆம் ஆண்டு. ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயது இளைஞர். பிறருடைய காலணிகளுக்குப் பாலிஷ் போடுவது அவர் தொழில். கறுப்பினத்தவர். அவர் 125 டாலர் கொடுத்து இங்கே மூன்று மனைகளை வாங்கினார். அப்போது நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறைகூட முழுதாக ஒழியவில்லை. அது ஒழிந்தது 1827-இல்தான். நகரத்துக்குள் கறுப்பின மக்களுக்கு நல்ல வீடு கிடைப்பது அரிது. எனவே ஊருக்கு வெளியே, தங்கள் சொந்த நிலத்தில், அவர்கள் ஒவ்வொருவராக வந்து வீடு கட்டினார்கள். பிறகு, அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் சேர்ந்துகொண்டன.

1855-இல் அங்கே சுமார் 225 பேர் வாழ்ந்தார்கள். 50 வீடுகள் அளவில் இருந்தன. மூன்று தேவாலயங்கள். ஒரு பள்ளிக்கூடம். தோட்டங்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். மற்றவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்கள்.

நிலம் அவர்களுக்கு வெறும் நிலம் அல்ல, குழந்தைகளே! அந்தக் காலத்தில் ஒரு கறுப்பின ஆண் ஓட்டுப் போட வேண்டுமானால், அவருக்கு 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும் என்று சட்டம். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. எனவே ஒரு துண்டு நிலம் கையில் இருந்தால் ஓட்டும் கையில் இருக்கலாம். நிலம் போனால்?

போயிற்று. பூங்காவுக்காக எடுத்த இடத்துக்குள் செனிகா கிராமமும் இருந்தது. சொந்தக்காரர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. "என் நிலத்துக்கு இது போதாது" என்று முறையிட்டவர்கள் இருந்தார்கள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அங்கே இருப்பவர்கள் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் என்பதுபோலச் சில நாளிதழ்கள் எழுதின. சொந்தப் பத்திரம் வைத்திருந்தவர்களைப் பற்றி! 1857-க்குள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். பூங்கா இடம் முழுவதிலுமாகச் சுமார் 1,600 பேர் வீடு இழந்தார்கள். செனிகா கிராமத்தார் மறுபடி ஒன்றாகக் கூடி ஓர் ஊரை அமைக்கவே இல்லை. சிதறிப் போனார்கள்.

பிறகு புல் முளைத்தது. மரம் வளர்ந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஊரைப் பற்றிப் பேசுவாரே இல்லை.

ஒரு சிறிய காலணி

1992-இல் இரண்டு வரலாற்று அறிஞர்கள் பூங்காவின் கதையை ஒரு நூலாக எழுதினார்கள். அதில் செனிகா கிராமத்தைப் பற்றியும் விரிவாகச் சொன்னார்கள். பலரும் ஆர்வம் கொண்டார்கள். பழைய வரைபடங்கள், தேவாலயப் பதிவேடுகள், மக்கள்தொகைக் கணக்கு எல்லாவற்றையும் தேடினார்கள். 2001-இல் அங்கே ஒரு பலகை வைத்தார்கள். நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ராடார் கருவியால் பார்த்தார்கள். 2011-இல் பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தோண்டினார்கள்.

என்ன கிடைத்தது தெரியுமா? ஒரு வீட்டின் அடித்தளக் கற்கள். இரும்பாலான தேநீர்க் கெண்டி. சமையல் பாத்திரம். பீங்கான் தட்டுகளின் உடைந்த துண்டுகள். ஒரு குழந்தையின் தோல் காலணி.

மகள் இதைச் சொல்லி முடித்ததும் பேத்தி ஒன்றும் பேசவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பாப்பா எங்க போச்சு ஆச்சி?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. ஆனால், எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. அதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

நான் வேலை பார்த்த ஊரில், குளக்கரை ஓரமாகச் சில வீடுகள் இருந்தன. ஒரு சமயம், ஊருக்கு வெளியே புதிய சாலை போட வேண்டும் என்று அந்த வீடுகளை எடுத்துவிட்டார்கள். என் நான்காம் வகுப்பில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சில வாரம் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். "குடும்பம் ஊர் மாறிவிட்டது" என்று பக்கத்தில் எழுதினேன். எந்த ஊர், எந்தப் பள்ளி, அவன் படிக்கிறானா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை. புதிய சாலை வந்தது. நானும் அதே சாலையில் பஸ்ஸில் வசதியாகப் போய் வந்தேன்.

அது தப்பு, குழந்தைகளே! சாலை போட்டது தப்பு என்று சொல்லவில்லை. சாலை எல்லோருக்கும் வேண்டும். பூங்காவும் வேண்டும். ஆனால், எல்லோருக்கும் நன்மை தரும் ஒன்றுக்காகச் சிலர் தங்கள் வீட்டைக் கொடுக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு நியாயமான விலையும், போக ஓர் இடமும் கிடைத்ததா என்று கேட்க வேண்டும். அதுவும் அனுபவிக்கிற நாம்தான் கேட்க வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தை கேட்ட கேள்வியை, ஆசிரியையாக இருந்த நான் அன்று கேட்காமல் விட்டேன்.

"தெரியலை கண்ணு. ஆனா, நீ கேட்டது ரொம்பச் சரி" என்றேன். அவள் புல்லில் சற்று நேரம் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

வைத்தால் போதுமா?

இவ்வளவு விலை கொடுத்து உண்டாக்கிய பூங்காவை மக்கள் நன்றாக வைத்துக்கொண்டார்களா? எப்போதும் இல்லை. 1970-களில் நகரத்துக்குப் பெரிய பண நெருக்கடி. பூங்காவைக் கவனிக்க ஆள் இல்லை. புல்வெளிகள் புழுதிக்காடு ஆயின. பெஞ்சுகள் உடைந்தன. சுவரெல்லாம் கிறுக்கல். இருட்டிய பிறகு உள்ளே போகவே மக்கள் பயந்தார்கள்.

1980-இல் பூங்காவின் மேல் அக்கறை கொண்டவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். நன்கொடை திரட்டினார்கள். தோட்டக்காரர்கள், தொண்டர்கள் என்று ஆட்களைச் சேர்த்தார்கள். புல்வெளி புல்வெளியாக, பாலம் பாலமாகச் சீர் செய்தார்கள். இன்றும் அந்த அமைப்புதான் நகராட்சியோடு சேர்ந்து பூங்காவைப் பராமரிக்கிறது. நாங்கள் திரும்பும் வழியில்கூட ஒருவர் உதிர்ந்த இலைகளைக் குவித்துக்கொண்டிருந்தார். பேத்தி அவருக்குக் கை அசைத்தாள். அவரும் சிரித்துக்கொண்டே கை அசைத்தார்.

உங்களுக்கு ஒரு வேலை

சுற்றுலா போய் வந்தால் கட்டுரை எழுதச் சொல்வது ஆசிரியர்களின் வழக்கம். நீங்கள் பயப்பட வேண்டாம். நான் மூன்று கேள்விகள் மட்டும் தருகிறேன்.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பூங்காவுக்கோ, விளையாட்டு மைதானத்துக்கோ, பேருந்து நிலையத்துக்கோ போகும்போது கேட்டுப் பாருங்கள்.

1. இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? யார் இருந்தார்கள்?

2. இதை யார் யார் உழைத்து உண்டாக்கினார்கள்?

3. இப்போது இதைத் தினமும் பெருக்கி, தண்ணீர் ஊற்றிக் காப்பவர் யார்?

முதல் கேள்விக்கு உங்கள் தாத்தா, பாட்டி, தெருமுனைக் கடைக்காரர் யாராவது பதில் வைத்திருப்பார்கள். "அங்கே ஒரு குளம் இருந்தது", "எங்கள் மாமா வீடு அங்கேதான் இருந்தது" என்று சொல்வார்கள். கேட்டதை நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுதி வைக்காவிட்டால் அதுவும் புல்லுக்கு அடியில் போய்விடும். மூன்றாவது கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். துடைப்பத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருப்பார். அவர் பெயரைக் கேளுங்கள். ஒரு வணக்கம் சொல்லுங்கள். தின்ற சுண்டல் காகிதத்தைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

உங்கள் வகுப்பில் யாராவது ஒருநாள் திடீரென்று வராமல் போனால், நான் செய்ததைப் போல இருந்துவிடாதீர்கள். "டீச்சர், அவன் எங்கே போனான்?" என்று கேளுங்கள். டீச்சருக்குத் தெரியாவிட்டால், தெரியும் வரை கேளுங்கள்.

சரி, வரிசையாக நில்லுங்கள். தலையை எண்ண வேண்டும். எல்லோரும் இருக்கிறீர்களா?